தினவாடகை வீடுகளுக்கு உள்ளாட்சி விதி: இரவு வரம்பா, உரிமமா, முழுத் தடையா?

வரைவுமேசை:

ஒரு சிறிய உள்ளாட்சி அமைப்புக்காக, குடியிருப்புத் தெருக்களில் நடக்கும் தினவாடகை வீடுகளுக்கு விதி எழுத வேண்டியிருக்கிறது. ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் ஓடும் வீடுகளைத்தான் சொல்கிறேன். புகார்கள் எல்லா ஊருக்கும் பொதுவானவை: நடுராத்திரிச் சத்தம், தெருவை அடைத்து நிற்கும் கார்கள், நாள் தவறி வெளியே வைக்கும் குப்பை. அதைவிடப் பெரிய கவலை, மாத வாடகைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் போவது.

மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. ஆண்டுக்கு 90 இரவு வரம்பு. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் உரிமம். அல்லது முழுத் தடை. அமல்படுத்த இருப்பது ஒரு ஆய்வாளர், ஒரு எழுத்தர். இந்த ஆள்பலத்தில் எது நிற்கும்? முகவரி காட்டாத விளம்பரத்தை எப்படிப் பிடிப்பது? ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களை என்ன செய்வது? வீட்டுக்குள் போய் எதைப் பார்த்துச் சான்று தருவது? காகிதத்தில் அழகாக இருந்து தெருவில் செல்லாமல் போகும் விதியை எழுத விருப்பமில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

நாள்கணக்கு:

முதலில் மூன்று வகையைப் பிரித்துவிடுங்கள். உரிமையாளர் வீட்டில் இருக்க, ஓர் அறையை மட்டும் விடுவது ஒன்று. தான் குடியிருக்கும் வீட்டைத் தான் வெளியூர் போகும் நாள்களில் விடுவது இரண்டாவது. யாருமே குடியிராமல் ஆண்டு முழுக்க விருந்தினருக்கென்றே வைத்திருப்பது மூன்றாவது. வாடகை வீடு குறைவது முக்கியமாக மூன்றாம் வகையால். சத்தமும் குப்பையும் இரண்டிலும் மூன்றிலும் வரும். முதல் வகையில் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் படுத்திருப்பதால் பெரும்பாலும் பிரச்சினை அவரே அடக்கிவிடக்கூடியது. மூன்றுக்கும் ஒரே விதி எழுதினால் முதல் வகைக்காரர் காகித வேலையில் நொந்து போவார், மூன்றாம் வகைக்காரர் ஆள் வைத்துச் சமாளிப்பார்.

இரவு வரம்பில் எல்லாரும் சறுக்கும் இடம், எண்ணுவது யார் என்பது. லண்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி திட்ட அனுமதி (கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற உள்ளாட்சி தரும் ஒப்புதல்) இல்லாமல் ஆண்டுக்கு 90 இரவு வரை விடலாம். கூடவே கட்டாயப் பதிவு வைக்கவில்லை. ஏர்பிஎன்பி 2017இலிருந்து தன் தளத்தில் 90ஐத் தொட்டதும் அந்த விளம்பரத்தைத் தானே நிறுத்துகிறது. ஆனால் அதே வீட்டை வேறொரு தளத்தில் போட்டால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதிகாரி 91ஆவது இரவை நிரூபிக்க வேண்டுமென்றால் முந்தைய 90ஐயும் நிரூபித்தாக வேண்டும். ஒரே ஆய்வாளரால் அது ஆகாத காரியம்.

ஆம்ஸ்டர்டாம் இதை வேறு மாதிரி கட்டியது. 2019இல் வரம்பை 60இலிருந்து 30 இரவாகக் குறைத்தது. வரம்பைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறை வாடகைக்கு விடும்போதும் நகராட்சிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை. தெரிவிக்காமல் விட்ட ஒரு இரவே தனிக் குற்றம். ஆய்வாளர் கதவைத் தட்டுகிறார், உள்ளே விருந்தினர் இருக்கிறார்கள், இன்றைய தேதி பதிவேட்டில் இல்லை: வழக்கு முடிந்தது. முந்தைய 30 இரவுகளை அவர் தேட வேண்டியதில்லை. ஜப்பானில் 2018 ஜூன் 15 முதல் 180 நாள் வரம்பு. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை நாள், எத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகவே 90 வைத்தாலும் 60 வைத்தாலும், முன்னறிவிப்பு இல்லாமல் வைக்காதீர்கள். அறிவிப்பு ஒரு வலைப்பக்கப் படிவமாக, பதிவெண், வரும் தேதி, போகும் தேதி, ஆள் எண்ணிக்கை என்று நான்கே கட்டங்களோடு இருந்தால் போதும். ஐந்தாவது கட்டம் சேர்த்தாலே ஆள்கள் நிரப்பாமல் விட ஆரம்பிப்பார்கள்.

குடியிருப்பவருக்கு மட்டும் உரிமம் என்று போனால், ‘குடியிருப்பு’ என்பதற்கு ஓர் எண் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ ஆண்டில் குறைந்தது 275 இரவு அந்த வீட்டில் வசிக்க வேண்டும் என்று எழுதியது. அப்படி எழுதினால் வீட்டுக்காரர் இல்லாத நாள்களுக்கான 90 இரவு வரம்பு தானாகவே அதிலிருந்து வந்துவிடும்: 365இல் 275 போனால் மிச்சம் 90. ஒரு எண் இன்னொன்றைத் தாங்குவது போல விதி எழுதுவது நல்லது, வாதாடும்போது கைகொடுக்கும்.

பதிவேடு:

முகவரி கேள்விக்கு வருகிறேன். தேடும் வேலையை முடிந்த அளவு தளத்தின் தலையில் கட்டுங்கள். அதற்கு அடிப்படை பதிவெண்.

பதிவெண் ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே ஆள் நான்கு பிளாட் வைத்திருந்தால் நான்கு எண். விளம்பரத்தின் முதல் பக்கத்தில் எண் தெரிய வேண்டும். எண் கட்டாயம் என்றதும் முதலில் நடப்பது போலி எண். கட்டத்தில் 123456 என்று அடித்துவிட்டுப் போவார்கள். அதைத் தடுக்க எண்ணின் வாலில் சோதனை இலக்கம் சேர்க்கலாம். வரிசை எண் 240317 என்று வையுங்கள். 97ஆல் வகுத்தால் மீதி 48. பதிவெண் 240317-48. யாராவது 240371-48 என்று இடம் மாற்றி அடித்தால் மீதி 5 வரும், தளத்தின் படிவமே ஏற்காது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கட்டாயம் பிடிபடும். 97 பகா எண் என்பதால் வரும் வசதி இது. வாய்க்கு வந்தபடி போடுகிற எண் தப்பிக்க 97இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் பக்கத்து வீட்டின் உண்மையான எண்ணைத் திருடிப் போட்டால் இது பிடிக்காது. அதற்கு எண்ணையும் முகவரியையும் சேர்த்துச் சரிபார்க்கும் வழி வேண்டும்.

தளத்தைப் பொறுப்பாக்கும் வாசகத்தில் கவனம். ‘பதிவில்லாத விளம்பரத்தை நீக்கு’ என்று எழுதினால், பிறர் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்ற சட்டக் கேடயத்தை அவர்கள் தூக்குவார்கள். அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் வேறு மாதிரி எழுதியது: பதிவில்லாத வீட்டுக்குப் புக்கிங் நடத்திக் கொடுத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. 2019 மார்ச்சில் அமெரிக்க மத்திய அரசின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. தடுத்தது பணப் பரிவர்த்தனையைத்தானே தவிர எழுத்தை அல்ல என்பதுதான் சாரம். நியூயார்க்கின் லோக்கல் லா 18 என்ற நகரச் சட்டம் அதே பாதையில் போய், 2023 செப்டம்பர் 5 முதல் ஒவ்வொரு புக்கிங்குக்கும் முன் நகரின் அமைப்பில் பதிவைச் சரிபார்க்கச் சொல்கிறது. தவறினால் தளத்துக்கு ஒரு மீறலுக்கு 1,500 டாலர் வரை அபராதம். 30 நாளுக்குக் குறைந்த தங்கலில் வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பதும் அங்கே விதி. பாரிஸில் 2021 ஜூலையில், பதிவெண் இல்லாத 1,010 விளம்பரங்களுக்காக ஏர்பிஎன்பிக்கு 80 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விழுந்தது. விளம்பரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பெருக்கும்படி விதி எழுதியிருந்ததால்தான் அந்தத் தொகை வந்தது.

தளத்திடம் மொத்தமாக வீடு விடும் எல்லாருடைய விவரமும் மாதாமாதம் கொடு என்று கேட்காதீர்கள். நியூயார்க் 2018இல் அப்படி ஒரு சட்டம் போட்டது. 2019 ஜனவரியில், காரணமில்லாத சோதனைக்குச் சமம் என்று மத்திய நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. குறிப்பிட்ட வீடு, குறிப்பிட்ட காலம், எழுத்தில் காரணம் என்று கேட்டால் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சண்டையைப் பொதுச் சட்டமே தீர்க்கிறது: 2024/1028 ஒழுங்குமுறைப்படி 2026 மே 20இலிருந்து தளங்கள் பதிவெண்ணோடு தங்கல் விவரத்தையும் ஒரே இணைய வாசல் வழியாக அரசுக்குத் தர வேண்டும்.

தளம் ஒத்துழைக்காத இடைக்காலத்தில் எழுத்தர் கையாலேயே தேட வேண்டும். ஏர்பிஎன்பி வரைபடத்தில் காட்டும் புள்ளி உண்மையான இடத்திலிருந்து சுமார் 150 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். அந்த வட்டத்துக்குள் வரும் தெருக்களை எடுத்துக்கொண்டு புகைப்படங்களைப் பாருங்கள். பால்கனிக் கம்பியின் வடிவம், ஜன்னல் கிரில்லின் பூ வேலை, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, வாசற்படியில் பதித்த டைல்ஸ். படுக்கையறைப் படத்தில் ஜன்னல் வழியே தெரியும் காட்சிதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அதே வீடு விற்பனைக்கு வந்தபோது போட்ட பழைய விளம்பரப் படங்களில் சமையலறை மேடை அப்படியே இருக்கும்.

கண்டுபிடித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரம், இணைப்பு, ஒரு இரவு விலை, விருந்தினர் மதிப்புரைகளின் மாதம் எல்லாவற்றையும் ஒரே தாளில் சேமியுங்கள். ஒன்று ஞாபகம்: நாள்காட்டியில் அடைத்திருக்கும் தேதி விற்ற தேதி ஆகாது, சொந்தக்காரரே அடைத்திருக்கலாம். விசாரணையில் முதலில் உடைவது இந்தச் சான்றுதான். மதிப்புரை உறுதியான சான்று. ஆனால் தங்கியவர் எல்லாரும் எழுதுவதில்லை என்பதால் அது குறைந்தபட்ச எண்ணிக்கை மட்டுமே.

திறவுகோல்:

சோதனைப் பட்டியல் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டில் குடியிருப்பவருக்கு இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியும், நேற்று வந்தவருக்குத் தெரியாது. முழுச் சோதனையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

புகை அலாரம் ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும், படுக்கையறைகளுக்கு வெளியே நடைவழியிலும், ஒவ்வொரு தளத்திலும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்திருந்தால் நல்லது. கேஸ் கீசர், அடுப்பு, கரி எரியும் கணப்பு, வீட்டோடு ஒட்டிய கராஜ், இவற்றில் ஏதாவது இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். அலாரத்தின் பின்பக்கத்தில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். புகை அலாரம் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால், பொத்தானை அழுத்தி அது கத்தினாலும் மாற்றச் சொல்லுங்கள். பொத்தான் ஒலிப்பானைச் சோதிக்கும், உணரி தேய்ந்ததைச் சொல்லாது.

படுக்கையறை ஜன்னல் வழியே ஆள் வெளியேற முடிய வேண்டும். வீடு கட்டுவதற்கான அமெரிக்க மாதிரி விதியான ஐஆர்சியில் திறப்பு 5.7 சதுர அடி, அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் 24 அங்குலம், தரையிலிருந்து ஜன்னல் அடிக்கட்டை 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கே ஆய்வாளர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். 20க்கு 24 என்றால் வெறும் 3.3 சதுர அடி. இரண்டு குறைந்தபட்ச அளவும் சரி என்று டிக் அடித்துவிட்டால் பரப்பளவில் தோற்ற ஜன்னலுக்குச் சான்று கொடுத்தாகிவிடும். அகலம் 20 என்றால் உயரம் ஏறத்தாழ 41 வேண்டும். கண்ணாடியை அளக்காமல், முழுக்கத் திறந்து வைத்து வெற்றிடத்தை அளக்க வேண்டும். நிலையான இரும்புக் கிரில் இருந்தால் அந்த அறையைப் படுக்கையறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கிரில் என்றால் சேர்க்கலாம். வாசல் கதவுக்கும் அதே நியாயம்: உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு கூடாது.

ஆள் எண்ணிக்கைக்கு ‘படுக்கையறைக்கு 2, மேற்கொண்டு 2’ என்ற கணக்கு பரவலாக இருக்கிறது. விளம்பரத்தில் எழுதிய படுக்கைகளைப் பார்க்காமல் அங்கீகரித்த படுக்கையறைகளை எண்ணுங்கள். ஹாலில் மூன்று சோபா கம் பெட் போட்டு ‘14 பேர் தங்கலாம்’ என்று எழுதுவதுதான் வழக்கமான தந்திரம். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. தொட்டியின் அளவைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் போட்டிருப்பார்கள். வார இறுதியில் இரட்டிப்பு ஆள் குளித்தால், கசடு தங்கிப் படிய நேரமில்லாமல் நீரோடு உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். அடைத்த மண்ணைச் சரிசெய்வது தொட்டியைக் காலி செய்வது போல எளிதல்ல.

உள்ளே கண்ணில் படும் இடத்தில் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டின் முழு முகவரி முதல் வரியில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆம்புலன்சுக்குப் போன் செய்யும் விருந்தினருக்குத் தான் இருக்கும் தெருப் பெயர் தெரியாது. அதன் கீழே உள்ளூர்ப் பொறுப்பாளர் எண், அதிகபட்ச ஆள், வெளியேறும் வழிப்படம், குப்பை எடுக்கும் நாள். குப்பையில் நடப்பது இதுதான்: விருந்தினர் ஞாயிறு கிளம்புகிறார், வண்டி புதன் வருகிறது, மூன்று நாள் தொட்டி தெருவில். பொறுப்பாளரே தொட்டியை வெளியே வைத்து உள்ளே எடுக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையாக எழுதுங்கள். விருந்தினரிடம் எதிர்பார்த்துப் பலனில்லை.

சட்டப்புள்ளி:

ஏற்கெனவே நடத்துகிறவர்கள் விஷயத்தில் அவசரப்பட்டால் முழு விதியும் கவிழும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2016இல், சொந்தக்காரர் குடியிராத தினவாடகைகளைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து 2022க்குள் ஒழிக்க விதி போட்டது. ஏற்கெனவே இருந்த உரிமையைப் பின்னோக்கிப் பறிக்கிறது என்று 2019 நவம்பரில் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அமெரிக்காவின் இன்னொரு நகரமான நியூ ஆர்லியன்ஸ், குடியிருப்புப் பகுதியில் உரிமம் வேண்டுமானால் உரிமையாளர் அங்கேயே வசிக்க வேண்டும் என்றது. வெளிமாநில உரிமையாளர்களுக்குப் பாரபட்சம் என்று 2022 ஆகஸ்டில் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் அடித்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2023 ஜூனில் விதி வீழ்ந்தது வேறு காரணத்தால்: அடுக்குமாடிகளில் முழு வீட்டை விடுவது பொருத்தமற்றது என்று உரிமக் கொள்கை முன்கூட்டியே அனுமானித்துக்கொண்டது. விண்ணப்பத்தைப் பார்க்கும் முன்பே பதில் எழுதி வைத்தது போல ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். பாரிஸின் முன்அனுமதி முறையை ஐரோப்பிய நீதிமன்றம் 2020 செப்டம்பரில் ஏற்றது. நீண்டகால வாடகை வீட்டுத் தட்டுப்பாடு பொதுநலக் காரணமாகும் என்றது. எனவே விதியின் முகப்பில் காரணத்தை எண்ணோடு எழுதுங்கள்: மொத்த வீடு எத்தனை, அதில் தினவாடகை எத்தனை, எந்தத் தெருக்களில் குவிந்திருக்கிறது. பதிவை முதல் ஆண்டிலேயே கட்டாயமாக்கிவிட்டு, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை இரண்டாம் ஆண்டில் கொண்டுவந்தால் இந்தக் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். முழுத் தடையை இப்போது தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தடை போட்டால் பதிவேடு இருக்காது. பதிவேடு இல்லையென்றால் யார் மீறுகிறார் என்றும் தெரியாது.

உரிமத்துக்கு முடிவு தேதி வையுங்கள், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பார்சிலோனாவில் சுற்றுலா வீட்டு உரிமங்கள் காலவரையற்றவையாக இருந்தன. 2023 நவம்பரில் அந்த நகரம் இருக்கும் மாகாணமான கட்டலோனியாவின் அரசு ஐந்தாண்டு வரம்பு கொண்டுவந்த பிறகுதான், இருக்கும் 10,101 உரிமங்களையும் 2028இல் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் மேயர் அறிவிக்க முடிந்தது. உரிமம் வீட்டோடு விற்பனையாகவும் கூடாது. கைமாறினால் அதன் மதிப்பு வீட்டு விலையில் ஏறி, அடுத்து வாங்குபவர் தினவாடகைக்கு விட்டே ஆக வேண்டிய நிலை வரும். கம்பெனி பெயரில் உரிமம் இருந்தால் வீட்டை விற்காமல் பங்கை விற்றுக் கைமாற்றுவார்கள். பாதிக்கு மேல் பங்கு மாறினால் உரிமம் காலாவதி என்று ஒரு வரி சேருங்கள்.

கட்டணத்தை வேலை நேரத்திலிருந்து போடுங்கள். 300 வீடு, வீட்டுக்குச் சோதனை ஒன்றரை மணி, கோப்பு ஒரு மணி, புகார் சராசரி அரை மணி என்றால் 900 மணி நேரம். ஒரு முழுநேர ஊழியரின் ஆண்டு வேலையில் பாதிக்குச் சற்று மேல். அந்தச் செலவை 300ஆல் வகுத்தால் கட்டணம். அதைத் தாண்டினால் வரி என்று வழக்கு வரும். அபராதத்தை மட்டும் நிலையான தொகையாக வைக்காதீர்கள். ஓர் இரவு வாடகையைவிடக் குறைந்த அபராதம் அவர்கள் கணக்கில் மின் கட்டணம் போல ஒரு செலவாகிவிடும். விளம்பரம் செய்த ஒரு இரவு விலையின் மடங்காக, நாள் ஒன்றுக்கு என்று எழுதுங்கள்.

வரைவுமேசை:

எல்லாருக்கும் நன்றி. முழுத் தடையைக் கைவிடப் பரிந்துரைக்கிறோம். அறிவிப்புப் படிவம் நான்கு கட்டம்தான். முக்கியப் பிரிவை இப்படி எழுதியிருக்கிறோம்: ‘பதிவெண் இல்லாமல் எந்த வீட்டையும் 30 நாளுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடக் கூடாது.’ தளம் வழியாக இல்லாமல் வாட்ஸ்அப்பில் நேரடியாக விடுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறோம். சரிதானா?

நாள்கணக்கு:

பொருந்தும், ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. ‘ஒப்பந்தத்தில்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 31 நாளுக்கு ஒப்பந்தம் எழுதி, ஐந்தாம் நாள் ‘முன்கூட்டியே காலி செய்தார்’ என்று முடித்து, மறுநாளே அடுத்தவரை ஏற்றுவார்கள். காகிதத்தில் எல்லாமே 31 நாள்தான். ‘விடக் கூடாது’ என்பதும் போதாது. அதை நிரூபிக்க ஆள் தங்கியிருக்கும்போது பிடிக்க வேண்டும். விளம்பரமும் மீறலாக இருந்தால் எழுத்தர் சேமித்த அந்தத் தாளே போதும், வாட்ஸ்அப் குழுவில் வந்த படமும் சான்றாகும்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘நடப்பிலுள்ள பதிவெண் இல்லாமல், ஒரே நபர் தொடர்ந்து 30 நாளுக்குக் குறைவாகத் தங்குவதற்கு எந்த வீட்டையும், வீட்டின் பகுதியையும், எந்த ஊடகத்தின் வழியாகவும் விளம்பரம் செய்வதோ, முன்பதிவு ஏற்பதோ, கட்டணம் பெறுவதோ, தங்க அனுமதிப்பதோ கூடாது. இவற்றில் ஒவ்வொன்றும், ஒவ்வொரு நாளும், தனித்தனி மீறலாகும். வாடகை ஒப்பந்தத்தில் குறித்த காலம் எதுவாயினும், தங்கிய காலமே கணக்கில் கொள்ளப்படும்.’

‘வீட்டின் பகுதியையும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் மொட்டைமாடி அறை வீடு ஆகாது என்று முதல் நோட்டீசிலேயே பதில் வரும்.